மூலமும் மறுமொழியும்: இணையத் தமிழ் உரையாடலின் இடப்பெயர்வு

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் தம் ஒப்படைப்புத் தொடர்பாக என்னைக் காண வந்தார். புதிய தமிழ்ச் சொற்கள் எவ்வாறு தோன்றி வழக்கில் நிலைபெறுகின்றன என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். 'வலைப்பதிவு', 'புலனம்' என்னும் இரண்டு சொற்களை ஒப்பிட எண்ணியிருந்தார். முன்னது இருபது ஆண்டுகளாக வழங்கி வருவது. பின்னது வாட்ஸ்அப் செயலிக்குத் தமிழ்ப் பெயராக அதன்பின் எழுந்தது. 'வலைப்பதிவு' என்பதற்கு நாள் குறித்த சான்றுகளை அவர் கட்டாகவே கொணர்ந்திருந்தார். அச்சொல்லோடு 'வலைப்பூ' என்னும் சொல் போட்டியிட்டதையும், எதனைக் கொள்வது என்று எழுதியோரும் வாசித்தோரும் வாதிட்டதையும் அவை காட்டின. 'புலனம்' என்பதற்கோ உறவினர் குழுவில் வந்து சேர்ந்த ஒரு சொற்பட்டியலே அவர் கையில் இருந்தது. வாட்ஸ்அப் புலனம், யூடியூப் வலையொளி, இன்ஸ்டாகிராம் படவரி என்று நீண்ட அப்பட்டியலில் ஆக்கியோர் பெயரும் இல்லை, நாளும் இல்லை.

"ஐயா, பழைய சொல்லுக்குச் சான்று கிடைக்கிறது. நேற்று வந்த சொல்லுக்குக் கிடைக்கவில்லை. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். இணையத்தில் தமிழர் உரையாடும் இடம் மாறிவிட்டது. முன்பு மறுமொழி, எந்த எழுத்துக்கு மறுமொழியோ அதன் அடியிலேயே எழுதப்பட்டது. இப்போது எழுத்து ஓரிடத்திலும் மறுமொழி வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவினால் மொழி தன் சான்றுகளை இழக்கிறது. எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதல் இருப்பிடம்

இவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தனியிடம் உண்டு. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய திட்டத்தில் தமிழ் இடம்பெறச் செய்தவர் நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் பலருக்குக் கணினியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 2000ஆம் ஆண்டு மாநாடும் இங்கேயே கூடியது. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போது தோன்றியது.

அக்காலத்தில் உரையாடல் பெரும்பாலும் மின்னஞ்சல்வழி இயங்கிய மடற்குழுக்களில் நிகழ்ந்தது. எழுத்துருக்களும் குறியேற்றங்களும் பலவாக இருந்தமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே சில வேளைகளில் அரும்பாடாயிற்று. 2003ஆம் ஆண்டை ஒட்டி வலைப்பதிவுகள் பெருகலாயின. ஒருங்குறி முறையும் அப்போது பரவியதனால், தமிழ் எழுத்தைத் தேடுபொறிகள் தேடிக் கண்டுபிடிக்கும் நிலை உண்டாயிற்று. 2004இல் தமிழ்மணம் என்னும் திரட்டி தோன்றி, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழ்ப் பதிவுகளை ஒரே முகப்பில் காட்டியது.

ஒவ்வோர் இடுகையின் அடியிலும் வாசகர் மறுமொழி எழுத இடம் இருந்தது. அதனைப் 'பின்னூட்டம்' என்றனர். மின்னியலில் 'ஃபீட்பேக்' என்பதற்கு வழங்கிய கலைச்சொல் அது. கருவியைப் பற்றிய சொல்லொன்று மனிதர் பேச்சைக் குறிக்கலாயிற்று; இன்று ஆசிரியர்கள் கட்டுரை ஏட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்பையும் அச்சொல்லாலேயே சுட்டுகிறோம்.

பின்னூட்டப் பகுதியின் அமைப்பில் மூன்று இயல்புகள் இருந்தன. மறுமொழி, தன் மூலத்தை விட்டு நீங்காமல் அதன் கீழேயே இருந்தது. முதலில் வந்தது முதலிலும் அடுத்து வந்தது அடுத்தும் நின்றன. ஒவ்வொன்றும் நாளும் நேரமும் பெற்றிருந்தது. எவரும் உறுப்பினராகாமலேயே அதனைப் படிக்கலாம், தேடுபொறியும் படிக்கலாம். நம் மாணவி கொணர்ந்த சான்றுகள் யாவும் இம்மூன்று இயல்புகளின் பயன்.

உரை மரபு காட்டும் பாடம்

இவ்வமைப்பு தமிழுக்குப் புதியதன்று. மூலமும் உரையும் ஒருசேர ஏட்டில் எழுதப்பட்டு வழங்கியதே நம் மரபு. தொல்காப்பியத்திற்கு நமக்குக் கிடைத்துள்ள உரைகளுள் முந்தியது இளம்பூரணருடையது. அவரை 'உரையாசிரியர்' என்றே பிற்காலத்தார் சுட்டினர். சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், பல இடங்களில் இளம்பூரணர் கருத்தை எடுத்துக்கூறி மறுக்கிறார். நச்சினார்க்கினியர் இருவரையும் அறிந்து தம் கருத்தை நிறுவுகிறார். தெய்வச்சிலையாரும் கல்லாடரும் அதே அதிகாரத்திற்கு உரை செய்துள்ளனர்.

ஒருவரையொருவர் நேரில் கண்டிராத இவ்வறிஞர்கள் நூற்றாண்டுகளைக் கடந்து உரையாடுகின்றனர். அது எவ்வாறு இயன்றது? எந்த நூற்பாவைப் பற்றிய வழக்கு என்பது உரையிலேயே தெரிந்தது. முன்னவர் என்ன சொன்னார் என்பது பின்னவர் கையில் இருந்தது. சேனாவரையரின் மறுப்பு மட்டும் தனியே கிடைத்து, நூற்பாவும் இளம்பூரணமும் வேறெங்கோ மறைந்திருந்தால், அம்மறுப்பால் நமக்கு என்ன பயன்? 'அவ்வாறு கூறுதல் பொருந்தாது' என்பதைப் படித்து, எவ்வாறு கூறியது பொருந்தாதென்று அறியாமல் திகைத்திருப்போம். மறுமொழிக்கு அதன் மூலமே உயிர்.

இதனால் வலைப்பதிவின் பின்னூட்டமும் சேனாவரையர் உரையும் ஒரே தரத்தன என்று நான் கூறவரவில்லை. பெரும்பாலான பின்னூட்டங்கள் 'அருமை' என்பதோடு முடிந்தவை. நான் ஒப்பிடுவது அமைப்பை மட்டுமே.

ஏன் இடம்பெயர்ந்தனர்

உரையாடல் இடம்பெயர்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. பின்னூட்டப் பகுதியில் முகம் மறைத்து வசைபாடுவோர் புகுந்தனர். விளம்பரக் குப்பைகள் குவிந்தன. வந்த ஒவ்வொன்றையும் படித்து அனுமதிக்கும் சுமை எழுதுபவர் தலையில் விழுந்தது. சிலர் அப்பகுதியையே மூடிவிட்டனர். அதே வேளையில் முகநூல் போன்ற தளங்கள், நண்பர்களையும் உறவினர்களையும் ஒரே இடத்தில் திரட்டித் தந்தன. எழுதிய சில நொடிகளில் விருப்பக்குறி வந்து சேரும் இடத்தை விட்டுவிட்டு, இரண்டு நாளுக்கொரு மறுமொழி வரும் இடத்தில் யார் காத்திருப்பார்?

கருவியும் மாறிற்று. கணினியின்முன் அமர்ந்து எழுதியோர் திறன்பேசிக்கு மாறினர். 2013இல் ஐபோனின் இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. பிற திறன்பேசிகளிலும் தமிழ் உள்ளீடு எளிதாயிற்று. அதே 2013 ஜூலையில் கூகள் ரீடர் என்னும் ஓடைப் படிப்பான் நிறுத்தப்பட்டது. விரும்பிய பதிவுகளில் புதியன வந்துள்ளனவா என்பதை ஒரே இடத்தில் அறிய உதவிய கருவி அது. அதன்பின் பலருக்குப் புதிய எழுத்தைப் பற்றி அறியும் வாயில், யாரேனும் ஒருவர் முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ பகிரும் இணைப்பு ஒன்றே ஆயிற்று. இணைப்பு வந்த இடத்திலேயே அதைப் பற்றிப் பேசி முடிப்பது மனித இயல்பு. இதில் எவரையும் குறைகூற இடமில்லை.

பிரிந்தவை எவை

இடப்பெயர்வினால் மூன்று பிரிவுகள் நேர்ந்தன.

முதலாவது, மறுமொழி மூலத்தினின்றும் பிரிந்தது. ஒரு கட்டுரையைப் பத்துப் பேர் பகிர்ந்தால், பத்து இடங்களில் பத்து உரையாடல்கள் நிகழ்கின்றன. ஓரிடத்தில் ஒருவர் காட்டிய பிழையை மற்றோரிடத்தார் அறியார். எழுதியவரும் அறியாமல் போகலாம். பிழை திருத்தப்படாமலே கட்டுரை நிலைக்கிறது. திருத்தம் வேறிடத்தில் மறைகிறது.

இரண்டாவது, உரையாடல் கால வரிசையினின்றும் பிரிந்தது. சமூக ஊடகத் தளங்களில் எது மேலே தோன்ற வேண்டும் என்பதை நிரல்நெறியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. மிகுதியான எதிர்வினை பெற்றது முன்னே வரும். ஆறுதலாக எழுதப்பட்ட விளக்கம் பின்னே ஒதுங்கும். ஒரு சொல்லின் வரலாற்றை ஆய்வோர்க்கு எது முன், எது பின் என்பதே முதல் வினா. அவ்வரிசை குலைந்த இடத்தில் ஆய்வு தடுமாறுகிறது.

மூன்றாவது, பேச்சு பொதுவெளியினின்றும் பிரிந்தது. பொதுவில் வைக்கப்பட்ட முகநூல் இடுகைக்கேனும் ஒரு முகவரி உண்டு. வாட்ஸ்அப் குழுவில் நிகழ்வதற்கு அதுவும் இல்லை. 2016 முதல் அச்செயலியின் செய்திகள் அனுப்புவோர்க்கும் பெறுவோர்க்கும் மட்டுமே புலப்படுமாறு மறையாக்கம் செய்யப்படுகின்றன. தனிமனித மறைவுக்கு அது நல்லதே. யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேரலாம். ஆயிரம் பேர் கூடிய அவையில் நடக்கும் சொல்லாய்வும் இலக்கண வழக்கும், அவ்வவையார் கைபேசிகளைத் தவிர வேறெங்கும் பதிவாவதில்லை. கைபேசியை மாற்றும்போது அவையும் போய்விடக்கூடும். அவற்றினின்றும் வெளியே வருவது முன்னனுப்பப்பட்ட செய்தி ஒன்றே. அது பெயரையும் நாளையும் உதிர்த்துவிட்டு வருகிறது. மாணவியின் சொற்பட்டியல் அவ்வாறு வந்ததே.

இரட்டை வழக்கும் ஒரு சான்றும்

மொழியியலாளன் என்னும் முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் இழப்பு ஒன்று உண்டு. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு ஒன்று. பேச்சு வழக்கு நூலேறுவது அரிது. ஏறினாலும் கதைமாந்தர் வாய்மொழியாக, எழுத்தாளர் செம்மை செய்த வடிவில்தான் ஏறும். பின்னூட்டங்களிலோ மக்கள் தாமே தம் பேச்சை எழுதினர். 'பசியாறிட்டீங்களா' என்று எழுதும் மலேசிய வாசகரும், 'கதைக்கிறம்' என்று எழுதும் ஈழத்து வாசகரும், அதற்குப் பொருள் கேட்கும் கோவை வாசகரும் ஒரே பக்கத்தில் சந்திக்க முடிந்தது. வட்டார வழக்குகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று வினவிய அத்தகைய பொதுவெளி எழுத்து, அதற்குமுன் தமிழில் அரிது.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்ததை ஆசிரியர்கள் அறிவர். எந்தப் பேச்சு வடிவம் பலருக்கும் பொதுவானது, எது ஓரிடத்துக்கே உரியது என்று பிரித்தறிய மேற்கூறிய எழுத்துகள் நல்ல சான்றாகும். இப்போது மக்கள் முன்னினும் மிகுதியாகப் பேச்சுத் தமிழை எழுதுகின்றனர், குரற்பதிவாகவும் அனுப்புகின்றனர். ஆனால் அவை ஆய்வோர்க்கும் ஆசிரியர்க்கும் எட்டுவதில்லை.

வரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வலைப்பதிவு தொடங்குவதற்கு ஓரளவு கணினி அறிவு வேண்டியிருந்தது. இன்று தமிழில் ஒரு வரிகூட எழுதியிராத மூத்தோர் பேரப்பிள்ளைக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புகின்றனர். ஆங்கிலவழிக் கல்வி பெற்றோரும் குடும்பக் குழுவில் தமிழெழுத்தைத் தட்டிப் பழகுகின்றனர். மொழியின் புழக்கம் விரிந்திருக்கிறது. புழக்கம் விரிந்த அதே காலத்தில் அதன் பதிவு சுருங்கியிருக்கிறது என்பதே நான் சுட்ட விரும்பும் முரண். மாணவியின் வினாவுக்கு விடையும் அதுவே.

அழிவும் காப்பும்

'வலைப்பதிவுகளாவது நிலைத்தனவா?' என்று கேட்கலாம். முழுமையாக நிலைக்கவில்லை. ஜியோசிட்டிஸ் தளம் 2009இல் மூடப்பட்டது. கூகள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. தமிழர் மடற்குழுக்கள் பலவற்றிற்கு இடமளித்த யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 இறுதியில் நீக்கப்படலாயின. 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. பிறர் நிலத்தில் கட்டிய வீடு, நிலத்துக்குரியவர் விரும்பும்வரைதான் நிற்கும்.

என் தவறு ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். 'அருகாமை' என்னும் சொல்லைப் பலரும் 'பக்கம்' என்னும் பொருளில் ஆள்கின்றனர். 'கல்லாமை', 'செல்லாமை' போல இதுவும் எதிர்மறையே, ஆகவே 'அருகில் இல்லாமை' என்றே பொருள்படும் என்பார் ஒரு சாரார். வழக்கு மிகுதியே பொருளை உறுதிசெய்யும் என்பார் மற்றொரு சாரார். இச்சொல்லைப் பற்றி ஒரு வலைப்பதிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்திருந்ததைக் கண்டேன். ஈப்போ, சிங்கப்பூர், மதுரை, யாழ்ப்பாணம் என்று தத்தம் ஊர் வழக்கை அவர்கள் எடுத்துரைத்திருந்தனர். வகுப்பில் பயன்படும் என்று கருதி, அப்பக்கத்தின் முகவரியை மட்டும் குறிப்பட்டையில் எழுதி வைத்தேன். மூன்றாண்டு கழித்துத் தேடியபோது பக்கம் நீக்கப்பட்டிருந்தது. அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள முகவரிதான் எங்கும் கொண்டுசெல்வதில்லை. ஓலைச்சுவடி செல்லரித்த கதையை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த நாற்பது மறுமொழிகளைப் படியெடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அச்சிதழ் இவ்வகையில் பேறுடையது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் இன்று காணலாம். எழுபதாண்டுக்கு முன் வாசகர் ஒருவர் எழுதியதை மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே படிக்க இயல்கிறது. பதினைந்தாண்டுக்கு முன் நடந்த இணைய வாதத்தைப் படிக்க இயல்வதில்லை. இக்குறையை அரசும் உணர்ந்துள்ளது. 2019 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தத்தின்படி, '.எஸ்ஜி' என முடியும் இணையத் தளங்களைத் தேசிய நூலக வாரியம் தனித்தனியே அனுமதி பெறாமலேயே திரட்டிக் காக்கலாம். ஆயினும் நம் தமிழ் உரையாடல்களுள் பெரும்பகுதி அம்முடிவு கொண்ட முகவரிகளில் நிகழ்வதில்லை. மூடிய குழுக்களுக்குள் நூலகம் புகவும் முடியாது, புகவும் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

மக்களை மீண்டும் வலைப்பதிவுக்கே திரும்புமாறு கூறுவது ஆற்றைப் பின்னோக்கி ஓடச் சொல்வதாகும். ஆனால் பேசி முடித்ததன் பயனைப் பொதுவிடத்துக்குக் கொண்டுவர நம்மால் இயலும். அதற்கான பழக்கங்கள் எளியவை.

ஆசிரியர் குழுவில் ஒரு சொல்லைப் பற்றியோ இலக்கண ஐயத்தைப் பற்றியோ பயனுள்ள உரையாடல் நிகழ்ந்தால், பங்கேற்றோர் இசைவு பெற்று, அதன் சுருக்கத்தை நாளிட்டு எழுதி வையுங்கள். எந்தக் கட்டுரை அல்லது வினா அதனைத் தொடங்கிவைத்தது என்பதை முதல் வரியில் குறியுங்கள். மறுமொழியை மூலத்தோடு சேர்ப்பது என்பது இதுவே.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடற் பக்கம் ஒன்று உண்டு. கலைச்சொல் எதைக் கொள்வது என்னும் வாதங்கள் அங்கு நாளும் பெயரும் பெற்று, கட்டுரையோடு பிணைந்தே நிற்கின்றன. மேல்நிலை மாணவர்க்கு அப்பக்கங்களைப் பாடமாகவே காட்டலாம். ஒரு வாதம் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகிறது என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பர். கருத்துரைக்கவும் பழகுவர்.

மாணவர்களே, ஒன்றை முன்னனுப்புமுன் அதில் மூன்று விவரங்கள் உள்ளனவா என்று பாருங்கள்: எழுதியவர் யார், எப்போது, எதற்கு மறுமொழியாக. இருந்தால் அவற்றை நீக்காமல் அனுப்புங்கள். பயனுள்ள பக்கம் ஒன்றைக் கண்டால், முகவரியோடு அதன் வாசகத்தையும் நாளிட்டுச் சேமியுங்கள். என் அட்டையை நினைவில் கொள்ளுங்கள்.

அன்று வந்த மாணவி தம் ஒப்படைப்பில் 'புலனம்' பற்றிய பகுதியை நீக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அச்சொற்பட்டியல் எந்த நாளில், எத்தகைய குழுவில் தமக்குக் கிடைத்தது, அங்கிருந்தோர் அதனைப் பற்றி என்ன பேசிக்கொண்டனர் என்பதை, பெயர் சுட்டாமல், உள்ளவாறே எழுதச் சொன்னேன். முதல் வழக்கு எது என்பதை அது காட்டாது. ஆயினும் இன்ன நாளில், சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றில், இச்சொல் இப்பொருளில் வழங்கிற்று என்பதற்கு அது நாளிட்ட சான்று. வருங்காலத்தில் அச்சொல்லின் வரலாற்றை எழுதுவோர்க்கு அந்த ஒரு பக்கமேனும் கிடைக்கும்.